மிக்கேலின் கையில் முளைத்தது

எங்கள் கரும்பொத்தை ஊரில் மிக்கேலின் வலது கையில் இரண்டு விரல் போன இடத்தில் இரும்பு முளைத்த வருஷத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் காற்றைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்த வருஷம் ஆனி பிறக்கும் முன்பே கணவாய் வழியாகக் காற்று இறங்கி வந்து எங்கள் கொடிகளில் காய்ந்த சட்டைகளை அடுத்த ஊருக்கும் அடுத்த ஊர்ச் சட்டைகளை எங்கள் ஊருக்குமாக மாற்றிப் போட்டதையும், மாதா கோயில் மணி யாரும் இழுக்காமலே ஒரு வாரம் அடித்துக்கொண்டிருந்ததையும் சொல்லி முடித்துவிட்டு, ஆமா, அந்த வருஷந்தான் மிக்கேலுக்குக் கையில் முளைத்தது என்பார்கள், அதோடு கட்டாயம் என் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். தாணுலிங்கம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சாமானாக்கும் என்பார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை வரும், அந்தப் பெருமையைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நானும் மிக்கேலும் காத்தாடிக்காரர்கள். காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். எண்பது மீட்டர் உயரத்துக்கு உள் ஏணியில் ஏறி, ஒரு மினிபஸ் அளவுக்கு இருக்கும் தலைப்பெட்டிக்குள் புகுந்து, எண்ணெய் ஒழுகுகிற இடத்தை அடைத்து, தளர்ந்த போல்ட்டை முறுக்கி, சாயங்காலம் இறங்கி டீ குடிக்கிற ஆறு பேர். மேலே போனபின் எங்களுக்கு நாங்கள் விழுவதைப் பற்றிப் பயமில்லை, இடுப்பில் கொக்கி இருக்கிறது, கொக்கியை நம்பாதவன் ஏறமாட்டான். பயமெல்லாம் கையிலிருந்து சாமான் விழுவதைப் பற்றித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் கையிலிருந்து நழுவிய பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் கீழே மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டின் முதுகில் விழுந்து, ஆடு கத்தக்கூட இல்லை. ஆட்டுக்காரம்மா இரண்டு நாள் அந்தக் காத்தாடிக்கு அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து கயிறு கட்டாத எதுவும் எங்களோடு மேலே ஏறாது, ஸ்பேனர், டார்ச், பேனா, ஒருத்தன் மூக்குக்கண்ணாடிகூடக் கயிற்றில்தான்.

கயிற்றோடு இன்னொரு வழக்கமும் வந்தது. புதிதாக எந்தச் சாமான் வாங்கினாலும் அதைக் கயிற்றில் கட்டித் தலைப்பெட்டிக்கு வெளியே உள்ள கம்பியில் ஒரு பகலும் ஒரு இரவும் காற்றில் தொங்கவிடுவோம். மறுநாள் காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் பாஸ். எங்களுக்கு அதுதான் பரீட்சை. வேறு பரீட்சை ஒன்று வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

கொறடும் கத்தியும் அரமும் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்குகிற மல்டிடூல் ஆளுக்கொன்று தருகிறோம், மூன்று மாதிரி அனுப்பியிருக்கிறோம், ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்று கம்பெனி எழுதியபோது மற்ற ஐந்து பேரும் ஒரே குரலில், தாணு பார்க்கட்டும் என்றார்கள். ஊரில் மிக்சி வாங்கினாலும் போன் வாங்கினாலும் என்னைக் கேட்பார்கள், ஏனென்றால் பெட்டிக்குள் வருகிற குறிப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற ஆள் ஊரில் நான் ஒருவன்தான். எனக்கு அதில் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. கொஞ்சம் என்றா சொன்னேன், நிறையவே உண்டு.

மூன்றில் ஒன்று சிவப்புப் பிடி போட்டது, பார்க்க அழகு, கொறடை அழுத்தினால் வாய் கோணிக்கொள்ளும். அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். இரண்டாவது கனமான வெள்ளி நிறம், ஒவ்வொரு கத்தியையும் விரித்தால் பூட்டு விழுந்து நிற்கும், பிறகு ஒரு நாக்கை அழுத்தினால்தான் மடங்கும். மூன்றாவது கறுப்பு, கையில் வைத்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும் எடை, நல்ல கொறடு, ஒரே கையால் விரிக்கலாம், கயிறு கட்டத் தடியான வளையம், ஆனால் கத்திக்குப் பூட்டு கிடையாது. இரண்டையும் காற்றில் தொங்கவிட்டோம். காலையில் வெள்ளி நிறத்தின் வளையம் அறுந்து சாமான் கீழே உடைமரத்துக்குள் கிடந்தது. கறுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புதான் என்று நான் சொன்னேன், எல்லோரும் கைதட்டினார்கள், அகஸ்டின் டீக்கடையில் வடை வாங்கிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தோட்டத்து ஹோஸை அளவாக வெட்டலாம் என்று அந்தக் கறுப்பை எடுத்தேன். கொஞ்சம் அழுத்தியதும் கத்தி திரும்பி மடங்கி என் கட்டைவிரலைக் கடித்தது. சின்னக் காயம். ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாள் போய், நான் சொன்னது தப்பு, கம்பெனிக்கு மாற்றி எழுதுவோம், வெள்ளிக்கு நல்ல வளையமாகப் போட்டுக்கொள்வோம் என்று சொல்ல வேண்டியதுதான், ஒரு நிமிஷப் பேச்சு. ஆனால் வடை தின்றாகிவிட்டது. தாணுவுக்கும் தப்புமா என்று ஒருத்தன் சிரிப்பான் என்று நினைத்தேன், அந்த ஒருத்தனின் முகம்கூட எனக்குக் கண்ணில் வந்தது. விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் அர்த்தமில்லை. அதற்குப் பிறகு நான் என் மல்டிடூலின் கத்தியைத் தொடவே இல்லை. என் சட்டைப் பையில் தனியாக ஒரு சின்னக் கத்தி, பூட்டு விழுகிற கத்தி, நூலில் கட்டி வைத்துக்கொண்டேன்.

இருபது நாள் கழித்து பதினேழாம் நம்பர் காத்தாடியில் நானும் மிக்கேலும் ஏறினோம். தலைப்பெட்டிக்குள் காய்ந்து கல்லாகிப்போன ரப்பர் குழாய் ஒன்றை அவன் வெட்டிக்கொண்டிருந்தான், நான் டார்ச் பிடித்தேன். அவன் கத்தி அடியில் லேசாக ஆடியதைப் பார்த்தேன். பார்த்துடே என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது, அது ஓடி முடிவதற்குள் கத்தி மடங்கிவிட்டது. மிக்கேல் முழுப் பலத்தையும் கொடுத்து அழுத்தியிருந்தான். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் எலும்பு தெரிந்தது.

காயம் சீழ் வைத்து, இரண்டு விரலையும் அடியோடு எடுத்தார்கள். கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவரிடம் மிக்கேல் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "சாமான் மேல ஒரு குத்தமும் இல்ல சார், நாந்தான் கோணப் பிடிச்சேன், என் கவனக்கொறவு" என்றான். அப்படியே எழுதினார்கள். சாட்சி என்று போட்டு நான் கையெழுத்து வைத்தேன்.

நாற்பத்தோராம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கட்டைப் பிரித்தபோது விரல் இருந்த இரண்டு குழியிலும் பயறு முளைவிட்ட மாதிரி கறுப்பாக எட்டிப்பார்த்தது. அவர் விரலால் தட்டிப் பார்த்தார், டிங் என்றது. துருப்பிடித்தது இல்லையே என்று கேட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டி.டி. ஊசி போட்டார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆடி முடிவதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டது. இரண்டு இரும்பு விரலும் சேர்ந்தால் கொறடு, பிரிந்தால் ஒன்றின் பக்கவாட்டில் கத்தியும் அரமும், மற்றதில் ஸ்க்ரூ டிரைவர், டின் திறக்கிற கொக்கி, சின்ன ரம்பம், எல்லாம் மடக்கினால் விரல் நீளத்துக்குள் அடங்கிவிடும். நான் தேர்ந்தெடுத்த கறுப்புதான் அது, அச்சு மாறாமல் அதுதான், ஒரே ஒரு வித்தியாசம் தவிர. ஒவ்வொன்றும் விரியும்போது டக் என்று ஒரு சத்தம் கேட்கும். பூட்டு விழும் சத்தம். எங்கள் தெருவில் காற்று எந்தச் சத்தத்தையும் அந்த இடத்தில் இருக்கவிடாது, அதனால் மிக்கேல் அவன் வீட்டில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்ப விரலை விரித்தால் அந்த டக் என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கேட்கும்.

ஊர் ஒரு வாரம் அதிசயப்பட்டிருக்கும், அதற்கு மேல் இல்லை, எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒன்று கழன்று கிடந்தது. முதலில் அங்கன்வாடி டீச்சர் பகவதி குக்கர் கைப்பிடியோடு வந்தார், அடுத்து அகஸ்டின் திறக்க முடியாத பால் பவுடர் டின்னோடு வந்தான். அதன்பின் கண்ணாடிக் காலுக்கு ஆணி போடவும், பலாப்பழம் அறுக்கவும், மாதா கோயில் ஒலிபெருக்கியின் ஒயரைச் சீவவும், முத்தாரம்மன் கோயில் உண்டியலின் சாவி முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டதை எடுக்கவும் ஆட்கள் வந்தார்கள். மிக்கேல் ஒருத்தரையும் நாளை வா என்று சொன்னதில்லை. வேலை முடிந்ததும் பெண்கள் அவன் விரலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் போனார்கள், ஐப்பசி மழைக்குத் துரு ஏறிவிடக் கூடாதே என்று. முடிவெட்டுகிறவர் ஒரு நாள் வந்து மூக்கு உரசுகிற மாதிரி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, கத்தரிக்கோல் இல்லையே என்று உறுதிப்படுத்திக்கொண்டு நிம்மதியாகத் திரும்பினார். சிலுவை போட்டுக்கொள்ளும்போது விரல்களை மடக்கிக்கொண்டால் போதும் என்று மாதா கோயில் பங்குச் சாமியார் சொல்லிவிட்டார்.

கம்பெனியும் அவனை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டது. பாதுகாப்பு ஆபீசர் ரங்கநாயகம் கோயம்புத்தூர்க்காரர், விதியென்றால் விதி என்று இருக்கிற மனுஷன், மிக்கேலின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது டூலுங்களா, கையுங்களா?"

"ரெண்டுந்தான் சார்" என்றான் மிக்கேல்.

"டூல்னா கயிறு கட்டாம மேல ஏத்தறதுக்கு இல்லீங்க. நீங்க கட்டீட்டே ஏறுங்க."

அதன் பிறகு மிக்கேல் தன் கையைத் தன் இடுப்போடு ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு ஏறினான். முதல் தடவை அந்த முடிச்சைப் போட்டுக்கொடுத்தது நான்தான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, "வளையம் நல்ல தடியா இருக்குல்லா மக்கா, நீ பாத்து எடுத்ததுல்லா" என்றான். அவன் கேலி செய்யவில்லை, நிஜமாகவே சொன்னான். நான் முடிச்சை மறுபடி ஒருமுறை இறுக்கினேன்.

ஊர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ சாமானால் காயம் பட்டிருக்கிறது, அரிவாள் பட்டவன் கையில் அரிவாள் முளைத்ததா, கிடையாது. மிக்கேலுக்கு முளைத்தது என்றால் அது சாமானின் தரம். சாமானின் தரம் என்றால் அதைத் தேர்ந்தெடுத்தவனின் கண். இப்படிச் சுற்றிக்கொண்டு வந்து எல்லாப் புகழையும் என் வாசலில் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் மோட்டார் எது வாங்கலாம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டார்கள். புல் வெட்டுகிற எந்திரம், காது கேட்கும் கருவி, பாதிரியார் பிரசங்கத்துக்கு மைக், எல்லாம் நான் தொட்டுப் பார்த்து ஆமாம் என்று சொன்ன பிறகுதான். ஒரு தாயும் தகப்பனும் மூன்று மாப்பிள்ளைகளின் போட்டோவைக் கொண்டுவந்து மேசையில் பரப்பி, நீங்களே ஒண்ணு சொல்லுங்க தம்பி என்றார்கள். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அவர்கள் போகும்போது, எவ்வளவு யோசிக்கிறார் பாரு என்று சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது.

சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை சொல்லத்தான் போனேன். ஒரு தடவை அவன் வீட்டு வாசல் வரை போய், அங்கே அவன் ஏழெட்டுப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து யாருடைய மின்விசிறியையோ கழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வேலை செய்யும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான், நெற்றி வேர்த்திருக்கும். கவனமாக வேலை செய்கிறான், கவனக்குறைவு என்று ஒருமுறை பெயர் வாங்கியவன் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தேன்.

அவனுக்கு ஒரு பெண் குழந்தை, ஜெசிந்தா. விரல் போனபோது நாலு மாதம், இப்போது தவழ்ந்து வந்து எதையும் எட்டிப் பிடிக்கிற வயசு. அவள் எட்டிப் பிடிப்பது எப்போதும் அப்பனின் அந்த இரண்டு விரலைத்தான், பளபளவென்று இருக்கிறதே. மிக்கேல் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் அவளைத் தூக்குவான். ஒற்றைக் கையில் தூக்கினால் எவ்வளவு நேரம் தாங்கும், ஸ்தெல்லா வந்து வாங்கிக்கொள்வாள். ஸ்தெல்லா அவன் மனைவி, அதிகம் பேசாதவள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், பால் விடாத கட்டன்சாயா தருவாள், ஊர்க்காரர்கள் என்னைப் புகழும்போது மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

கார்த்திகையில் பங்கு மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில் எலும்பு டாக்டர் ஒருவர் மிக்கேலின் கையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரும்பு வேர்விட்டு எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, முழங்கை தாண்டிவிட்டால் எடுக்க முடியாது, எடுப்பதாக இருந்தால் இந்த மாதத்துக்குள் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் இரண்டு விரல் இல்லாத கையாக ஆறிவிடும், பிள்ளையைத் தூக்கலாம். ஆனால் காத்தாடி வேலை கிடைக்காது, ஏணியில் ஏறும் கைக்குப் பிடிமானம் வேண்டும் என்று ரங்கநாயகம் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். எடுக்காவிட்டால் இப்படியே காலம் முழுக்க.

ஊருக்கு எடுப்பதில் இஷ்டமில்லை. வெளியே சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் எல்லோரும் அதிகமாகத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். ஸ்தெல்லா எடுத்துவிட வேண்டும் என்றாள். மிக்கேல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "தாணு சொல்லட்டும். அவன் சொன்னா செரியா இருக்கும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெயில் இறங்கிய நேரத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மிக்கேல் வீட்டு முற்றத்தில் ஒரு நாற்பது பேர் இருப்பார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில் என்னை உட்காரச் சொன்னார்கள். எதிரில் மிக்கேல், அவனுக்குப் பின்னால் கதவில் சாய்ந்து ஸ்தெல்லா, இடுப்பில் குழந்தை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மோட்டாருக்கும் மைக்குக்கும் பார்த்த அதே பார்வை.

என்னால் உட்கார முடியவில்லை, எழுந்துகொண்டேன்.

"நான் எடுத்தது தப்பான சாமான்" என்றேன். "பூட்டு இல்லன்னு எனக்குத் தெரியும். எடுத்த அன்னைக்கே என் வெரல வெட்டிட்டு. நான் சொல்லல. சொன்னா தாணுவுக்கும் தப்பும்னு சிரிப்பியன்னு சொல்லல. அவன் கத்தியக் கோணப் பிடிக்கல. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

காற்று அடித்தது. பிறகு அகஸ்டின் சிரித்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். நான் இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்த சிரிப்பு வேறு மாதிரி, இது வாஞ்சையான சிரிப்பு, இதைவிட அது எவ்வளவோ மேல்.

"பாத்தியளா, எவ்வளவு பணிவு" என்றார் பகவதி டீச்சர்.

"தப்பான சாமான்னா கையில முளைக்குமாவே?" என்றான் அகஸ்டின். "ஒமக்குத் தெரியாம ஒம்ம கை நல்லத எடுத்துட்டு. அதான் ராசி."

"அதுல்ல, நான் சொல்லுதது..."

"விடுங்க தாணு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். நாளைக்குச் சொல்லுங்க, அவசரமில்ல." ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இரும்பு முளைத்ததை ஒரு வாரத்தில் விழுங்கிய ஊர் என் பாவத்தை ஒரு நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, டீ குடிக்கப் போனது. முற்றம் காலியாயிற்று. நான் அங்கேயே நின்றேன்.

ஸ்தெல்லா போகவில்லை. "அண்ணே" என்றாள், குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது. "பெறவு நீங்க எத வச்சு வெட்டுனிய?"

நான் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கத்தியை எடுத்துக் காட்டினேன். நூலில் ஆடியது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிக்கேல் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். வலது கையை முழங்காலில் வைத்து, மடங்கியிருந்த கத்தியை மெதுவாக விரித்தான். டக்.

"அமுத்து" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"கத்தி முதுகுல வெரல வச்சு மடங்குதான்னு அமுத்திப் பாருடே. வாங்குன அன்னைக்கு எப்படிப் பாத்திருக்கணுமோ அப்படிப் பாரு."

அமுக்கினேன். மடங்கவில்லை.

"இதப் பாக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

நான் கையை எடுக்கப் போனேன்.

"இன்னும் பலமா அமுத்து. ரப்பர் குழாய வெட்டுத மாதிரி."

பலமாக அமுக்கினேன். கத்தி அசையவில்லை, ஆனால் மிக்கேலின் முகம் சுருங்கியது, பல் கடிபட்டது, நெற்றியில் வேர்வை பூத்தது. கவனமாக வேலை செய்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே முகம். நான் கையை எடுத்துவிட்டேன்.

"வலிக்கா?"

"எலும்புலல்லா இருக்கு, வலிக்காம?" என்றான். "ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் வலிக்கும். டின் தொறந்தா தோள் வரைக்கும் ஏறும்."

"எல்லாத்துக்குமா? இத்தன நாளுமா? நீ ஏன்டே ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

அவன் அரத்தை விரித்தான், டக். ரம்பத்தை விரித்தான், டக். கொக்கியையும் ஸ்க்ரூ டிரைவரையும் விரித்தான். பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மடக்கினான், மடக்கும்போதும் வலித்திருக்கும், இப்போது எனக்கு அது தெரிந்தது.

"என் தப்புக்கு எனக்கு வந்ததுன்னு நெனச்சேன்" என்றான். "கவனமில்லாம வெரலத் தொலச்சேன், பச்சப்பிள்ளக்காரிய அழவச்சேன், அதுக்குக் கடவுள் குடுத்ததுன்னு நெனச்சேன். ஒருத்தருக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தா கொஞ்சம் கழியும், இன்னொருத்தருக்குச் செஞ்சா இன்னும் கொஞ்சம் கழியும்னுதான் பொறுத்துக்கிட்டேன். நான் ஒன் தப்பையாடே சொமந்திருக்கேன்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஊரில் வழி கேட்டுத் தெரிந்துகொண்டவன் போல, அப்படியா என்கிற மாதிரி சொன்னான். நான் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னித்துவிடு என்று சொன்னேனா, நினைத்தது மட்டுமா, தெரியவில்லை.

"நாளைக்கு நாகர்கோயில் போறோம்" என்றான். "எடுத்துருவேன். நீ ஒண்ணும் சொல்லாண்டாம்."

அப்போது வெளிப்படலைத் தள்ளிக்கொண்டு பகவதி டீச்சர் திரும்பி வந்தார். டீக்கடைக்குப் போகிற வழியில் வீட்டில் நுழைந்து அயர்ன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், பிளக்கில் ஒரு ஸ்க்ரூ லூஸாம், ஒரு திருப்புத் திருப்பினால் போதுமாம், காலையில் அங்கன்வாடிக்குச் சேலை தேய்க்க வேண்டுமாம். நடந்த எதையும் அவர் கவனிக்கவில்லை. வழக்கம்போல மிக்கேலின் மடிக்கு நேராக நீட்டினார்.

மிக்கேல் கையை அசைக்கவில்லை. "அவன்கிட்டக் குடுங்க டீச்சர்" என்றான். "இனி எல்லாரும் அவன்கிட்டக் குடுங்க."

டீச்சர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடியே பிளக்கை என் கையில் வைத்தார். மிக்கேல் எழுந்து கதவைத் தட்டினான், ஸ்தெல்லா திறந்தாள், அவன் உள்ளே போனான். முற்றத்தில் நானும் டீச்சரும் மட்டும். பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன். வேறு எதையும் எடுக்கத் தோன்றாமல் கட்டைவிரல் நகத்தை அந்த ஸ்க்ரூவின் பள்ளத்தில் வைத்துத் திருப்பினேன். திரும்பவில்லை. இன்னும் அழுத்தினேன், நகம் சதையை விட்டுப் பிரிவது தெரிந்தது, டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு என் விரலையே பார்த்தார், நான் நிறுத்தவில்லை.